வருணனைக்கு வந்த முட்டைக்கோஸ்

ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு முட்டைக்கோஸ் வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பீரியடில்.

பள்ளி வாசலில் வேன் நின்றது. இரண்டு பேர் ஒரு மரப்பெட்டியைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்கள். பின்னாலேயே பதிவேட்டை மார்போடு அணைத்தபடி கண்காணிப்பாளர் வந்தார். பெட்டியைத் திறந்தால் வைக்கோல். வைக்கோலை விலக்கினால் ஒரு கண்ணாடி மூடி. மூடிக்குக் கீழே, வெள்ளைப் பீங்கான் தட்டில், தண்டில் அரக்கு முத்திரையும் பதினேழு என்ற எண்ணும் தாங்கி, ஒரு முட்டைக்கோஸ்.

"டீச்சர், இதுதான் உங்க வருணனைப் பொருள். 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்'னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

மொழி டீச்சர் குனிந்து பார்த்தார். மேல் இலை மூன்றும் மஞ்சள் பூத்து, ஓரம் காய்ந்து சுருண்டிருந்தன.

"சார், இது கொஞ்சம் வாடின மாதிரி..."

"கிளம்புறப்போ ஃபிரெஷ்ஷாதான் இருந்துச்சு. பதினாறு பள்ளிக்கூடம் ஏறி இறங்கி வர வேண்டாமா? நானே வாடித்தான் போயிருக்கேன். என்னை யாராவது கேட்டாங்களா? போடுங்க."

டீச்சர் போட்டார். அவர் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் பத்து மாதம் ஆகியிருந்தது. மூன்று வருடம் முடிந்ததும் மேலிடத்துக் கையெழுத்து விழுந்தால் வேலை நிரந்தரம், விழாவிட்டால் வீடுதான். அந்த நிலையில் இருப்பவர்கள் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்களே ஒழிய, இலையை எண்ணிக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

விஷயம் இதுதான். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருணித்து எழுத வரவில்லை, 'அழகான பூ, நல்ல நாய், பெரிய வீடு' என்றே எழுதித் தள்ளுகிறார்கள் என்று எங்கோ ஒரு கூட்டத்தில் யாரோ வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தம் மெல்ல வளர்ந்து நான்கு மாடிக் கட்டிடமாயிற்று. வாசலில் 'வருணனைத் திறன் மேம்பாட்டு இயக்ககம்' என்று பலகை தொங்கியது. உள்ளே ஒரு இயக்குநர் உட்கார்ந்தார், அவருக்குக் கீழே பெட்டியோடு வந்த அந்தக் கண்காணிப்பாளர்.

இயக்குநர் முதல் வேலையாக அழகான, நல்ல, பெரிய ஆகிய மூன்று சொற்களுக்கும் தடை போட்டார். அடுத்து, ஒரு பள்ளியில் பூவையும் இன்னொரு பள்ளியில் நாயையும் வருணித்தால் மதிப்பெண்ணில் குழப்பம் வருமே என்று, எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே பொருள் என முடிவு செய்தார். ஐம்புலனுக்கும் வேலை கொடுக்கக்கூடிய பொருள் எது என்று ஆராய ஒரு குழு எட்டு மாதம் கூடிக் கலைந்து, முட்டைக்கோஸ் என்று அறிக்கை கொடுத்தது. கடைசியாக, இயக்குநர் தமது சொந்தக் கையாலேயே மாதிரி வருணனை ஒன்றை எழுதி எல்லாப் பள்ளிக்கும் அனுப்பினார்.

'முட்டைக்கோஸ் பசுமையாக இருக்கிறது. மரகதம் போல் ஒளிர்கிறது. மழை நனைத்த மண் போல் மணக்கிறது. பட்டுப் போல் வழுக்குகிறது. தட்டினால் முரசு போல் முழங்குகிறது. சுவைத்தால் புத்துணர்ச்சியூட்டும் இனிப்பாக இருக்கிறது.'

விடைத்தாள் திருத்துபவர்கள் இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மதிப்பெண் போட வேண்டும். கூடவே ஒரு குறிப்பும் இருந்தது: சுவைத்தல் என்பது மனத்தால் மட்டுமே. பொருளைத் தின்பது அரசு உடைமையைத் தின்பதாகக் கருதப்படும்.

மறுநாள் டீச்சர் வகுப்பைத் தொடங்கினார். பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேரும் மேசையைச் சூழ்ந்தார்கள்.

"நல்லாப் பாருங்க. கண்ணு, காது, மூக்கு எல்லாத்தையும் திறந்து வச்சுக்கோங்க. எது தெரியுதோ அதை எழுதுங்க. மத்தவங்க எழுதினதை எழுதாதீங்க."

முதல் பெஞ்சில் 'ஊசி' என்று ஒருத்தி இருந்தாள். ஆள் ஒல்லி என்பதால் வந்த பெயர் அது. கேட்கிற கேள்வியும் அப்படித்தான் இறங்கும்.

"டீச்சர், தெரியுறதை எழுதுறதா? இல்ல, இந்தத் தாள்ல இருக்கிறதை எழுதுறதா?"

"ரெண்டும் ஒண்ணுதானே கண்ணு."

"இல்லையே டீச்சர். தாள்ல இருக்கிறது வேற காய் மாதிரி இருக்கே."

டீச்சர் ஒரு கணம் யோசித்தார். அவருக்குப் பிள்ளைகளிடம் பொய் சொல்ல வராது. அது நிரந்தரமாகாத வேலையில் பெரிய தொந்தரவு. "தெரியுறதை எழுதும்மா" என்று சொல்லிவிட்டார்.

பிள்ளைகள் எழுதினார்கள். 'சலவைக்குப் போட மறந்த சட்டைக் காலர் போல மஞ்சளாக இருக்கிறது' என்றான் ஒருவன். 'ரெண்டு நாள் தங்கிட்டுப் போறேன்னு வந்து மூணு மாசமா போகாத எங்க சித்தப்பா மாதிரி உட்கார்ந்திருக்கிறது' என்றாள் ஒருத்தி. 'தட்டினேன். உள்ளே யாரும் இல்லை' என்று எழுதினாள் ஊசி. டீச்சருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு வருடம் பத்து மாதத்தில் இப்படி ஒரு கட்டு நோட்டை அவர் கண்டதில்லை. சந்தோஷமாக மூட்டை கட்டி இயக்ககத்துக்கு அனுப்பிவைத்தார்.

பத்தாம் நாள் திரும்பி வந்தன. நாற்பத்திரண்டு பேருக்கும் பூஜ்யம். கூடவே டீச்சருக்கு ஒரு மெமோ.

'தங்கள் மாணவர்களில் ஒருவர்கூடப் பசுமையைக் காணவில்லை. எனவே அவர்களது புலன்களில் குறைபாடு இருப்பதாக இயக்ககம் கருதுகிறது. மருத்துவப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது.'

தலைமை ஆசிரியர் மெமோவை இரண்டு தடவை படித்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஓய்வு பெற இன்னும் ஆறு மாதம் இருக்கிற மனிதர். தம் காலம் முடிகிறவரை பள்ளிக்கூடத்தில் எதுவும் நடக்கக் கூடாது என்பதுதான் அவருடைய கல்விக் கொள்கை.

"பச்சைன்னு எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா டீச்சர்? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை!"

"பச்சையா இல்லையே சார்."

"நான் மட்டும் இளமையாவா இருக்கேன்? ஆண்டு விழாவுல 'இளமைத் துடிப்புள்ள தலைமை ஆசிரியர்'னு நீங்கதானே மைக்ல சொன்னீங்க!"

டீச்சர் மெமோவை வாங்கி மடித்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

டாக்டரம்மா வந்தார். அரசு மருத்துவமனையிலிருந்து, வெளியே நூறு நோயாளிகளைக் காக்கவைத்துவிட்டு வந்த எரிச்சல் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். பஞ்சில் எலுமிச்சைச் சாற்றையும் சோப்புத் தண்ணீரையும் நனைத்து மூக்கருகே நீட்டினார். பாதி வரிசையிலேயே தம் மூக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். முட்டைக்கோஸுக்கு அப்போது வயது மூன்று வாரம். கண்ணாடி மூடிக்குள் வியர்த்துக்கொண்டிருந்தது.

"இதை ஏன் இன்னும் தூக்கிப் போடல?"

"அரசு உடைமை டாக்டர்."

"அதுக்குள்ள ஏதோ நடமாடுது."

"அதுவும் அரசு உடைமைதான்" என்றார் தலைமை ஆசிரியர் வாசலில் நின்றபடியே. அவர் இப்போதெல்லாம் அந்த அறைக்குள் நுழைவதில்லை.

டாக்டரம்மா அறிக்கையில் எழுதினார்: 'நாற்பத்திரண்டு மூக்குகளும் நலம். அறையில் ஏதோ இறந்திருக்கிறது. கவனிக்கவும்.' இயக்ககத்திலிருந்து மூன்றே நாளில் பதில் வந்தது. 'இறப்பு தொடர்பான விவகாரங்கள் இவ்வியக்ககத்தின் வரம்புக்குள் வாரா. பிள்ளைகளின் புலன்கள் சரியாக இருப்பின் பொருளில் பிழை இருக்க வேண்டும். பொருளில் பிழை இருப்பின் பராமரித்த ஆசிரியரிடம் பிழை இருக்க வேண்டும். இயக்குநர் நேரில் வந்து விசாரிப்பார். அதுவரை சாட்சியப் பொருளாகிய முட்டைக்கோஸை அப்புறப்படுத்தலாகாது.'

டீச்சர் அந்தக் கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவருடைய கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கெட்டுப்போன எல்லாவற்றின் வாடையும் அவருக்கு அத்துப்படி. மனைவி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அன்றைக்கு முட்டைக்கோஸ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

"இன்னிக்குத் தண்ணி விட்டுடுச்சு போல. ரெண்டு நாள்ல தண்டு மட்டும்தான் மிஞ்சும்."

"அதுக்குள்ள என் வேலை மிஞ்சுதான்னு பார்க்கணும்ங்க" என்றார் டீச்சர்.

மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "வேலை போனா போகுது, அந்தப் பையை வெளியவே வச்சுட்டு வாம்மா!"

இயக்குநர் வருகிற நாளும் வந்தது. டீச்சர் காலையில் வகுப்புக்குள் நுழைந்தபோது கண்ணாடி மூடிக்குள் முட்டைக்கோஸ் பச்சைப் பசேலென்று மின்னியது. தண்டில் அதே அரக்கு முத்திரை, அதே பதினேழு. வாசலில் தலைமை ஆசிரியர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நாள்காட்டியில் இருக்கிற மகான் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"சார், இது..."

"பசுமையா இருக்கில்ல?"

"இருக்கு சார், ஆனா எப்படி..."

"இருக்கில்ல? அவ்வளவுதான் டீச்சர். எல்லாத்தையும் கிட்டப் போய்ப் பார்க்கணும்னு இல்லை."

கிட்டத்தட்ட மூன்று வருடமாகக் 'கிட்டப் போய்ப் பாருங்க, கிட்டப் போய்ப் பாருங்க' என்று பிள்ளைகளின் கழுத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர், அன்றைக்குக் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. எங்கிருந்தோ புதிதாக ஒன்று வாங்கி முத்திரையை ஒட்டிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைப்பது வயிற்றுக்கு இதமாக இருந்தது.

பதினோரு மணிக்கு இயக்குநர் வந்தார். கண்காணிப்பாளர் முன்னால் ஓடி வந்து நாற்காலியைத் துடைத்தார். பிள்ளைகள் நோட்டைத் திறந்துவைத்திருந்தார்கள். இயக்குநர் முன்னிலையிலேயே பொருளைப் பார்த்து வருணிக்க வேண்டும் என்பது விசாரணையின் ஒரு பகுதி. அதற்கு முன்னால் இயக்குநர் பேச எழுந்தார்.

"மாணவச் செல்வங்களே! வருணனை என்பது ஒரு... ஒரு நல்ல விஷயம். மிகவும் நல்ல விஷயம். நான் உங்கள் வயதில் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். அது எப்படி இருந்தது தெரியுமா?" கண்ணை மூடிக்கொண்டார். வகுப்பு மூச்சுவிடாமல் காத்திருந்தது. "பெரியதாக இருந்தது. மிகப் பெரியதாக. வேறு எதுவும் எனக்குச் சொல்ல வரவில்லை. அன்றே முடிவு செய்தேன், பிறர் வருணிப்பதை மேற்பார்வையிடுவதே என் வாழ்க்கை என்று."

கண்காணிப்பாளர் கைதட்டினார். பிள்ளைகள் 'நல்ல' எத்தனை, 'பெரிய' எத்தனை என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்ததால் கை சும்மா இல்லை.

இயக்குநர் முட்டைக்கோஸை நெருங்கினார். கண்ணாடி மூடியைத் தூக்கினார். முகம் மலர்ந்தது.

"ஆஹா! பசுமையாக இருக்கிறது! மரகதம் போல் ஒளிர்கிறது! யாரய்யா குறை சொன்னது? எழுதுங்கள் பிள்ளைகளே, எழுதுங்கள்!"

பிள்ளைகள் தலையைக் குனிந்து எழுதத் தொடங்கினார்கள். ஊசி மட்டும் எழுந்து மேசைக்கே வந்து, மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று பார்த்து, இரண்டு தடவை முகர்ந்து, திரும்பிப் போய் உட்கார்ந்து எழுதினாள். அப்புறம் கையைத் தூக்கினாள்.

"சார், இது நிஜமாவே இனிக்குமா?"

"நிச்சயமாக."

"நீங்க தின்னு பார்த்துதான் எழுதினீங்களா சார்?"

உண்மை என்னவென்றால், இயக்குநர் அதுவரை பச்சையாக ஒரு முட்டைக்கோஸ் இலையைக்கூட வாயில் வைத்ததில்லை. மாதிரி வருணனையை மத்தியானம் ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் நடுவில், காரில் எழுதியிருந்தார். ஆனால் நாற்பத்திரண்டு ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. கண்காணிப்பாளர், டீச்சர், தலைமை ஆசிரியரையும் சேர்த்து நாற்பத்தைந்து.

"பார்" என்று சொல்லிவிட்டு, ஒரு இலையை வெடுக்கென்று பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"சார், வேண்டாம்!" என்று தலைமை ஆசிரியர் கத்தியது தாமதமாகப் போயிற்று.

இயக்குநர் மென்றார். ஒரு தடவை. இரண்டு தடவை. புருவம் இரண்டும் மெதுவாக நெற்றியில் ஏறின. கண்ணில் நீர் முட்டியது. துப்பியிருக்கலாம். துப்பினால் மாதிரி வருணனை பொய்யாகிவிடும். மாதிரி வருணனை பொய்யானால் நான்கு மாடிக் கட்டிடம் எதற்கு? இயக்குநர் விழுங்கினார்.

"புத்துணர்ச்சி..." என்றார். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "புத்துணர்ச்சியூட்டும்... இனி..."

மேசையைப் பிடித்துக்கொண்டே அப்படியே சரிந்தார்.

அரசு மருத்துவமனைக்கு அவரைக் காரில் கொண்டுபோனார்கள். டீச்சர் அந்தக் களேபரத்திலும் பழக்க தோஷத்தில் வாங்கி அடுக்கிய நோட்டுக் கட்டோடு அப்படியே ஏறிவிட்டிருந்தார், கீழே வைக்கத் தோன்றவில்லை. அங்கே பணியில் இருந்தது அதே டாக்டரம்மா.

"என்ன பண்ணுது? வலி எப்படி இருக்கு? எரியுதா, குத்துதா, பிசையுதா?"

"பெரிய வலி" என்றார் இயக்குநர்.

"பெரியன்னா? விட்டு விட்டு வருதா, ஒரேயடியா இருக்கா?"

"மிகப் பெரிய வலி."

"என்ன சாப்பிட்டீங்க?"

இயக்குநர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். "பசுமையான முட்டைக்கோஸ்" என்றார் கண்காணிப்பாளர், விறைப்பாக நின்று.

"பச்சை இலை தின்னு யாரும் இப்படிச் சுருண்டு விழ மாட்டாங்க. அதுல என்ன இருந்தது? அதைப் பொறுத்துத்தான் வாந்தி எடுக்க வைக்கலாமா கூடாதான்னு நான் முடிவு பண்ணணும். தப்பாப் பண்ணினா நுரையீரலுக்குப் போயிடும். யாராவது ஒழுங்காச் சொல்லித் தொலைங்களேன்!"

தலைமை ஆசிரியர் சுவரில் மாட்டியிருந்த கைகழுவும் முறை படத்தை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார். டீச்சருக்குச் சொல்ல எதுவும் இல்லை. அவர்தான் பார்க்கவில்லையே. அப்போதுதான் கையில் கனத்துக்கொண்டிருந்த நோட்டுக் கட்டு ஞாபகம் வந்தது. ஊசியின் நோட்டைத் தேடி உருவினார். வாய்விட்டுப் படித்தார்.

"'இன்றைக்கு முட்டைக்கோஸ் பச்சையாக இருக்கிறது. ஆனால் அதன் பச்சை அல்ல. நம் வகுப்பு ஜன்னல் கம்பியின் பச்சை. ஜன்னல் கம்பியைப் போலவே இதிலும் என் முகம் மங்கலாகத் தெரிந்தது. கீழ்ப்பக்கம் ஒரு சொட்டு வழிந்து பாதியில் உறைந்திருக்கிறது. இரண்டு இலைக்கு நடுவில் மூன்று மயிர் ஒட்டியிருக்கிறது, தூரிகை மயிர் போல. மேலே மண்ணெண்ணெய் கலந்த புதுக் கதவு வாசனை. அதற்குக் கீழே போன வாரத்து வாசனை, போர்வைக்குள் ஒளிந்துகொண்டிருப்பவனைப் போல.'"

டாக்டரம்மா தலைமை ஆசிரியர் பக்கம் திரும்பினார். "பெயிண்டா?"

தலைமை ஆசிரியர் கைகழுவும் படத்தின் ஏழாவது கட்டத்தையும் படித்து முடித்துவிட்டார். வேறு படம் இல்லை.

"ஜன்னலுக்கு வாங்கினது டாக்டர். அரை டப்பா மிச்சம் இருந்தது. பாழாப் போகுதேன்னு..."

"எனாமலா?"

"முதல் தரம்."

"வாந்தி எடுக்க வைக்கக் கூடாது!" டாக்டரம்மா நர்ஸைப் பார்த்துக் கத்திக்கொண்டே உள்ளே ஓடினார். வாசலில் ஒரு கணம் நின்று திரும்பினார். "அந்த நோட்டைக் கேஸ் ஷீட்டோட சேர்த்து வைங்க. இந்த வருஷத்துல யாரும் எனக்கு இவ்வளவு தெளிவா எதையும் சொன்னதில்லை."

இயக்குநர் பிழைத்துக்கொண்டார். நான்காம் நாள் டீச்சரை மருத்துவமனைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. வேலை போயிற்று என்று வீட்டில் எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். மாமியார்கூட அன்று பையை உள்ளே கொண்டுவர அனுமதித்தார்.

இயக்குநர் தலையணையில் சாய்ந்திருந்தார். முகம் இளைத்திருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை.

"உட்காருங்கம்மா. விசாரணை அறிக்கை எழுதணும். எனக்குக் கை நடுங்குது. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

டீச்சர் பேனாவைத் திறந்தார்.

"அந்த இலையை வாயில போட்டேனா..." இயக்குநர் நிறுத்தினார். கண் எங்கோ போயிற்று. "முதல்ல ஒண்ணும் தெரியலம்மா. மழையில நனைஞ்ச சாக்கைக் கவ்வின மாதிரி இருந்தது. அப்புறம் பெயிண்ட் தோலா உரிஞ்சு அண்ணத்துல அப்பிக்கிச்சு. நாக்கால நோண்டுறேன், வரமாட்டேங்குது. அதுக்கு உள்ள வழவழன்னு, சளி பிடிச்ச குழந்தையோட மூக்கு மாதிரி ஒண்ணு. கடிச்சேன். 'புளிச்'னு ஒரு சத்தம். காதுல இல்லம்மா, தாடைக்குள்ள கேட்டது. வெதுவெதுன்னு ஏதோ வழிஞ்சு, நாக்குக்கு அடியில போய்ப் பதுங்கிக்கிச்சு. அந்த நாத்தம் மூக்கு வழியா வரல, கண்ணு வழியா வந்துச்சு. நான் விழுங்கிட்டேன். ஆனா அது இறங்கல. பாதி வழி போய் நின்னு, திரும்பி, என்னைப் பார்த்துச்சு."

அரை மணி நேரம் சொன்னார். டீச்சர் எழுதிக்கொண்டே போனார். அழகான இல்லை, நல்ல இல்லை, பெரிய இல்லை. எழுதி முடித்தபோது டீச்சருக்கு லேசாகத் தலை சுற்றியது. இயக்குநர் கன்னமெல்லாம் சிவந்து, முதல் பரிசு வாங்கின பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"சார், இது பிரமாதம் சார். சத்தியமாச் சொல்றேன்."

"அப்படியா?" என்றார் அவர், கூச்சத்தோடு. சற்று நேரம் போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார். குரல் மறுபடியும் நான்கு மாடிக்கு ஏறியது.

"இதை ஃபைல்ல வைக்க முடியாது. கிழிச்சுடுங்க. 'பொருள் பரிசோதிக்கப்பட்டது. பசுமையாக இருந்தது. ஆசிரியரிடம் குறையில்லை'ன்னு எழுதிக் கொடுங்க, கையெழுத்துப் போடறேன். உங்க நிரந்தரத்துக்கும் சேர்த்தே போட்டுடறேன்."

டீச்சர் அப்படியே எழுதிக் கொடுத்தார். இரண்டு கையெழுத்தும் விழுந்தன. கிழிக்கச் சொன்ன தாளை மட்டும் நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் காலை, ஜன்னலெல்லாம் திறந்து காற்றோட்டமாக இருந்த வகுப்பில், எழுதியவர் பெயரைச் சொல்லாமல் அந்தத் தாளை நிறுத்தி நிதானமாகப் படித்தார். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். 'பாதி வழி போய் நின்னு, திரும்பி' என்ற இடம் வந்தபோது, வகுப்புத் தலைவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, வராந்தாவுக்கு ஓடி, வெளியே குனிந்தான்.

மீதி நாற்பத்தோரு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.